இரும்பு, வெயில், கொஞ்சம் மெட்ராஸ்

மக்களே, இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. அதனால சினிமா, கிரிக்கெட் எல்லாம் ஓரங்கட்டிட்டு ஒரு வேதியியல் வரலாற்றுப் பதிவு. ஓடிடாதீங்க, ஃபார்முலா ஒண்ணுகூட கிடையாது. வெயில் இருக்கு, இரும்பு இருக்கு, நம்ம மெட்ராஸ் பல்கலைக்கழகம் இருக்கு, கடைசியில தெர்மாகோலும் வருது.

எங்க ஊர் சேந்தமங்கலம். நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குப் போகிற வழி. சித்திரை வெயிலில் இங்கே எதை வெளியே வைத்தாலும் அதற்கு ஏதாவது ஆகும். களத்தில் பரப்பின ஜவ்வரிசி காயும். சிவப்பு பிளாஸ்டிக் குடம் வெளிறிப்போகும். நாலைந்து வருஷம் வெயில் தின்ற வெள்ளை பெயிண்ட் சுவரில் கையை வைத்தால் உள்ளங்கை முழுக்க மாவு மாதிரி ஒட்டும். பெயிண்டர்கிட்ட கேட்டால் "மட்டமான பெயிண்ட் சார்" என்பார். அது பாதி உண்மை. மீதி பாதி என்னன்னா, அந்தச் சுவரில் ஒரு ரசாயன ஆலையே ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளை பெயிண்ட்டுக்கு வெள்ளை நிறம் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கான இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கிடைக்கிறது. இந்த வெள்ளைப் பொடி வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரை விழுங்கும். விழுங்கின சக்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது. தன்னைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிற பிசினையே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். பிசின் போனதும் பொடி உதிர்கிறது. 1938-லேயே லண்டனில் குடீவ், கிட்செனர் என்ற இருவர் இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். இப்போது நல்ல பெயிண்ட்டில் அந்தத் துகளுக்கு சிலிக்கா, அலுமினா என்று மேல்பூச்சு போட்டு அடக்கி வைக்கிறார்கள்.

சுவரில் நடந்தால் இது தொல்லை. இதையே ஒரு குடுவைக்குள், நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்கு நடத்தினால்? அதற்குப் பேர்தான் ஒளி வினையூக்கம். வெளிச்சத்தால் ஒரு உலோகத்தை உசுப்பிவிட்டு, அதை வைத்து கரிமச் சேர்மங்களை வெட்டி ஒட்டுவது. இன்றைக்கு மருந்து கம்பெனி லேப்களில் இது சர்வ சாதாரணம்.

கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த நண்பன் ஒருத்தன் இந்தத் துறையில் இருக்கிறான். போன மாசம் பேசும்போது, "மச்சி, இதெல்லாம் 2008-ல ஆரம்பிச்சதுடா" என்றான். புத்தகங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் கதையை ஆரம்பிக்கின்றன. நான் கோட் அடிக்கிற ஆள், வேதியியல் என் தொழில் இல்லை. ஆனால் ஒரு விஷயம் எங்கே ஆரம்பித்தது என்று நோண்டுகிற வியாதி உண்டு. நோண்டினால் கதை 2008-க்கு ரொம்ப முன்னாடி போகிறது. போகிற வழியில் சென்னையிலும் நின்றுவிட்டுப் போகிறது.

முதலில் வினையூக்கி என்றால் என்ன என்று எங்க ஊர் பாஷையில் சொல்லிவிடுகிறேன். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு ரசாயன வினை நடக்க, மூலக்கூறுகள் இப்படி ஒரு மலையை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். சூடு பண்ணுவது என்பது லாரியின் ஆக்சிலேட்டரை மிதிப்பது மாதிரி. ஏறும், ஆனால் எஞ்சின் சூடாகும், ஏற்றின சரக்கும் குலுங்கிக் கெட்டுப்போகும். வினையூக்கி என்பது மலையைச் சுற்றாமல் தாழ்வான இடத்தில் போட்ட இன்னொரு ரோடு. வழியைக் காட்டிவிட்டு அது அப்படியே இருக்கும், தீர்ந்து போகாது. ஒளி வினையூக்கி இன்னும் ஒருபடி மேலே. வெளிச்சம் ஒரு கிரேன் மாதிரி ஒரே ஒரு எலெக்ட்ரானைத் தூக்கி உச்சியில் வைத்துவிடும். குடுவை அறை வெப்பத்திலேயே இருக்கும். சரக்கு குலுங்காது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வெளிச்சம் பட்டால் இரும்பு எலெக்ட்ரானைப் பிடுங்கும் என்பது பழைய சேதி. 1831-ல் ஜெர்மனியில் டோபரைனர் என்பவர் ஃபெர்ரிக் ஆக்சலேட் கரைசலை வெயிலில் வைத்து, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ் விடுவதைப் பார்த்தார். இரும்பு, பக்கத்தில் ஒட்டியிருந்த ஆக்சலேட்டிடம் இருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிவிட்டது. பறிகொடுத்த ஆக்சலேட் உடைந்து காற்றாகப் போய்விட்டது.

1842-ல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் இதே குணத்தை வைத்து ஒரு படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இரும்பு சிட்ரேட் உப்பையும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் காகிதத்தில் தடவி, மேலே ஒரு இலையை வைத்து வெயிலில் காட்டினால் போதும். வெயில் பட்ட இடத்தில் ஃபெர்ரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாகி, தண்ணீரில் கழுவியதும் அடர் நீலமாகும். இலை மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். இதுதான் பின்னாளில் கட்டட வரைபடங்களை நகல் எடுக்கிற 'ப்ளூ பிரிண்ட்' ஆனது. நீலக் காகிதம் ஒழிந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனாலும் இன்றைக்கும் எங்க ஊரில் வீடு கட்டுகிறவர் கையில் இருக்கிற வெள்ளைத் தாளுக்குப் பேர் 'ப்ளூ பிரிண்ட்' தான்.

படம் எடுத்தார்கள், நகல் எடுத்தார்கள், சரி. இதை வைத்து ஒரு பொருளைத் தயாரிக்கலாம் என்று பெரிசாக யோசித்தவர் இத்தாலிக்காரர் ஜியாகோமோ சாமிசியன். போலோன்யா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆய்வகத்து மாடியில் நூற்றுக்கணக்கில் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக அடுக்கி வெயிலில் காய வைத்திருப்பார், நம்ம பாட்டிமார் வடகம் காய வைக்கிற மாதிரி. கூட பால் சில்பர் என்ற சக ஆராய்ச்சியாளர். 1912 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் சாமிசியன் பேசினார். நிலக்கரி ஒருநாள் தீரும். புகைபோக்கி இல்லாத தொழிற்சாலைகள் வரும். வறண்ட பூமிகளில் கண்ணாடிக் குழாய்கள் நிற்கும், வெயிலே அங்கே வேலை செய்யும். இதுதான் அந்தப் பேச்சின் சாரம். முதல் உலகப் போருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இப்படிப் பேசியிருக்கிறார் மனுஷன்!

வறண்ட பூமி, கொளுத்துகிற வெயில். படிக்கும்போது எனக்கு எங்க ஊர் ஞாபகம்தான் வந்தது.

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். பேர் முஷி சாந்தப்பா. 1923-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இங்கிலாந்து போய், மான்செஸ்டரில் எம்.ஜி. எவன்ஸ் என்ற பெரிய கையிடம் ஆராய்ச்சி செய்தார். மேலே சொன்னேனே மலை ஏறுவது, அந்தக் கணக்கை 1935-வாக்கில் போட்டவர்களில் எவன்ஸ் ஒருத்தர். 1949-ல் எவன்ஸும் யூரி என்பவரும் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள்: தண்ணீரில் கரைந்த ஃபெர்ரிக் இரும்பின் மேல் வெளிச்சத்தை அடித்தால், பக்கத்தில் ஒரு வினைல் சேர்மம் இருந்தால், அது பாலிமர் ஆகிறது. 1951-ல் எவன்ஸ், சாந்தப்பா, யூரி மூவரும் சேர்ந்து இதை விரிவாக, அளவுகளோடு எழுதினார்கள்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஃபெர்ரிக் இரும்பு தண்ணீரில் தனியாக இருக்காது. கையில் ஒரு ஹைட்ராக்சைடையோ குளோரைடையோ பிடித்துக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்ட கணத்தில், பிடித்திருக்கிற ஆளிடம் இருந்தே ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு இரும்பு ஃபெரஸ் ஆகிவிடும். பறிகொடுத்தவன் வெறி பிடித்த மாதிரி வெளியே ஓடுவான். இவனுக்கு 'ராடிகல்' என்று பேர். எதிரே வருகிற மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் போய் மோதி ஒட்டிக்கொள்வான். ஒட்டினதும் அந்த மூலக்கூறுக்கு வெறி பிடிக்கும். அது அடுத்ததில் மோதும். அது அதற்கடுத்ததில். இப்படியே சங்கிலி நீண்டு பிளாஸ்டிக் ஆகிவிடும். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தில் இதைச் செய்தால் வருவது அக்ரிலிக். கடை போர்டுக்குப் போடுகிற அதே ஷீட்.

கவனியுங்க, இதில் சூடு இல்லை. விலை உயர்ந்த உலோகம் இல்லை. இருப்பது இரும்பு உப்பு, தண்ணீர், ஒரு பாதரச விளக்கு. அந்த இரும்பு உப்பு நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். இசிஇ படித்த மக்களே, லேப்பில் பிசிபி போர்டில் இருந்து காப்பரை அரித்து எடுக்க ஒரு பழுப்புத் தண்ணீர் கொடுப்பார்களே, சட்டையில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாதே, அதுதான் ஃபெர்ரிக் குளோரைடு.

எவன்ஸ் 1952-ல் இறந்துபோனார். சாந்தப்பா ஊர் திரும்பி மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையைத் தொடர்ந்தார். ஐம்பதுகள், அறுபதுகள் முழுக்க அவரும் மாணவர்களும் ஒவ்வொரு உலோகமாக எடுத்து வெளிச்சத்தில் காட்டியிருக்கிறார்கள். இரும்பு மட்டுமில்லை. யுரேனியத்தின் யுரேனில் அயனி, கோபால்ட்டின் அசைடோ சேர்மம் என்று ஒரு வரிசை. எத்தனை ஃபோட்டான் உள்ளே போனால் எத்தனை சங்கிலி ஆரம்பிக்கிறது, எது சங்கிலியை முடித்து வைக்கிறது, உப்பின் அளவைக் கூட்டினால் வேகம் என்ன ஆகிறது என்று அலுக்காமல் அளந்திருக்கிறார்கள். 1967-ல் சாந்தப்பாவுக்கு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. அப்புறம் சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். அங்கே வெளிச்சம் இல்லாமலேயே, சீரியம் உப்பை வைத்து தோலின் கொலாஜன் புரதத்தில் பாலிமரை ஒட்டவைக்கிற வேலை நடந்தது. பின்னர் மெட்ராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 2017-ல் காலமானார்.

அவர் மட்டும் தனி மரம் இல்லை. 1961-ல் ஜே.சி. குரியகோஸ், அமெரிக்காவில் கிளேர் மார்க்கம் என்ற பெண் விஞ்ஞானியோடு சேர்ந்து, துத்தநாக ஆக்சைடு பொடி வெளிச்சத்தில் எப்படி அதே மெத்தில் மெத்தாக்ரிலேட்டைப் பாலிமர் ஆக்குகிறது என்று எழுதினார். எங்க ஊர் சுவரில் நடக்கிற கூத்துக்கு இது அக்கா தங்கச்சி முறை. பிறகு குரியகோஸ் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்தார். அடுத்த தலைமுறையில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் பி. நடராஜன். உலோக அணைவுச் சேர்மங்கள் வெளிச்சத்தில் என்ன செய்கின்றன என்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. அவருக்கு 1984-ல் பட்நாகர் விருது. ஆக, சென்னையில் இது ஏதோ ஒருத்தர் போகிற போக்கில் செய்த வேலை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தொடர்ந்த ஒரு பரம்பரை.

அப்புறம் ஏன் கதை 2008-ல் ஆரம்பிக்கிறது?

அங்கே வேறு ஒரு ஹீரோ என்ட்ரி கொடுக்கிறார்: ருத்தீனியம். அதன் பைபிரிடின் சேர்மத்தை 1936-லேயே பர்ஸ்டால் தயாரித்துவிட்டார். அழகான ஆரஞ்சு கலர். வெளிச்சம் பட்டு உச்சிக்குப் போன எலெக்ட்ரான் அங்கே கிட்டத்தட்ட ஒரு மைக்ரோ செகண்ட் தங்கும். நமக்கு அது கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. மூலக்கூறுகளுக்கு அது ஒரு யுகம். பக்கத்தில் வருகிறவனிடம் எலெக்ட்ரானைக் கொடுக்க, வாங்க தாராளமாக நேரம் இருக்கிறது. இதே மாதிரி இரும்பில் செய்தால் ஒரு செகண்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எலெக்ட்ரான் சரிந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு கோடி மடங்கு வித்தியாசம்.

2008-ல் பிரின்ஸ்டனில் டேவிட் மெக்மில்லன் குழுவும், விஸ்கான்சினில் டெஹ்ஷிக் யூன் குழுவும் தனித்தனியாக இந்த ருத்தீனியத்தை வைத்து கரிமச் சேர்மங்களைக் கட்டிக் காட்டினார்கள். 2009-ல் ஸ்டீஃபன்சன் குழு. மெக்மில்லன் குழு பயன்படுத்தியது 15 வாட் ஃப்ளோரசென்ட் பல்பு. வீட்டில் மாட்டுவோமே, அதுதான். பாதரச விளக்கு, குவார்ட்ஸ் குடுவை எதுவும் வேண்டாம். உலகமே திரும்பிப் பார்த்தது. 2014-ல் நிக்கலையும் சேர்த்துக்கொண்டு இரட்டைக் குழல் துப்பாக்கி ஆக்கினார்கள். இன்றைக்கு மருந்து கம்பெனிகள் நீல எல்ஈடி போட்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ருத்தீனியத்தாருக்கும் இதே 'மறந்துபோன' கதை உண்டு. 1978-ல் நெதர்லாந்தில் கெல்லாக் குழுவும், 1984-ல் பிரான்சில் டெரோன்சியே குழுவும் இதை வைத்து கரிம வினைகள் செய்து எழுதியிருக்கிறார்கள். யாரும் சீண்டவில்லை. இருபத்தி நாலு, முப்பது வருஷம் அலமாரியில் தூங்கியது. அதனால, "நம்மாளு என்பதால் மறைச்சிட்டாங்க" என்று உடனே கொடி பிடிக்க முடியாது. ஐரோப்பாக்காரனுக்கும் அதே கதிதான்.

சாந்தப்பாவின் இரும்பு பின்னாடி போனதுக்கு எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள்.

ஒன்று, அந்த இரும்பு தீர்ந்து போகும். வெளிச்சம் பட்டு ஃபெரஸ் ஆன இரும்பு, திரும்ப ஃபெர்ரிக் ஆகி அடுத்த ஆட்டத்துக்கு வராது. போதாததுக்கு, வளர்கிற சங்கிலியை முடித்து வைப்பதும் ஃபெர்ரிக் இரும்புதான். அதிலும் கொஞ்சம் செலவாகும். ஆக அது வினையைத் துவக்கி வைக்கிற ஆள், கண்டிப்பான அர்த்தத்தில் வினையூக்கி இல்லை. தீக்குச்சிக்கும் லைட்டருக்கும் உள்ள வித்தியாசம். இதை நான் மறைத்துவிட்டு "மெட்ராஸில் அப்பவே ஒளி வினையூக்கி" என்று எழுதினால் அது வாட்ஸப் ஃபார்வர்டு, வரலாறு இல்லை.

இரண்டு, விளக்கு. இரும்பு உப்புகள் அதிகம் விழுங்குவது புற ஊதாவையும் ஊதாவையும்தான். அந்தக் காலத்தில் அதற்குப் பாதரச விளக்கு வேண்டும். அது சூடாகும், செலவாகும். வேண்டிய நிறத்தை மட்டும் பிரித்தெடுக்க வடிகட்டி வேறு. இன்றைய ஊதா எல்ஈடி அப்போது கிடையாது.

மூன்று, அலமாரி. சாந்தப்பா எழுதியது பாலிமர் இதழ்களில். மருந்து மூலக்கூறு கட்டுகிறவர்கள் படிப்பது வேறு இதழ்கள். பெயிண்ட் உதிர்வதை ஆராய்ந்தவர்கள் மூன்றாவது அலமாரி. ப்ளூ பிரிண்ட் நாலாவது. எல்லோரும் பார்த்தது ஒரே விஷயத்தை: வெளிச்சம் பட்ட உலோகம் எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது. ஆனால் ஒருத்தர் அலமாரியை ஒருத்தர் திறக்கவில்லை. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது புதுசா என்ன? பக்கத்து டீம் எப்பவோ எழுதி வைத்த லைப்ரரியை நாம் மூணு மாசம் உட்கார்ந்து புதுசா எழுதுவதில்லையா!

சரி, ருத்தீனியம் நல்லாத்தானே வேலை செய்யுது, எதுக்கு இரும்பைப் பத்திப் பேசணும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ருத்தீனியமும் அதன் அண்ணன் இரிடியமும் பிளாட்டினம் வகையறா. உலகம் முழுக்க வருஷத்துக்கு எடுக்கிற இரிடியம் ஏழெட்டு டன். ஒரு டாரஸ் லாரி லோடுகூட ஆகாது. அதுவும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில். பூமியின் மேலோட்டில் இரும்பு எடையில் சுமார் 5 சதவீதம். இரிடியம் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற ரேஞ்ச்.

இங்கே எங்க மாவட்டம் மறுபடி வருகிறது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஒரு ஊர். அங்கே இருப்பது சுமார் 250 கோடி வருஷப் பழைய அனார்த்தோசைட் பாறை. நிலாவில் இருக்கிற பாறைக்குச் சொந்தக்காரன். சந்திரயான்-2 லேண்டரைச் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்ததே இந்தப் பக்கத்துப் பாறையை அரைத்துத்தான். அதே பாறைக்கு நடுவில் குரோமைட் அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பிளாட்டினம் வகை உலோகங்கள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேடிப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறது. இருக்கிறது என்றால் மூட்டை மூட்டையாக இல்லை. டன் கணக்கில் பாறையை உடைத்தால் கிராம் கணக்கில் கிடைக்குமா என்ற அளவு. இந்தப் பக்கம் சேலத்துக்கருகே கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மலை மலையாக இருப்பதை வைத்து வேலை நடந்தால், துளித்துளியாக இருப்பதைத் தேடிப் பாறையை உடைக்க வேண்டியதில்லை.

இதனால்தான் கடந்த பத்து வருஷத்தில் இரும்பு திரும்பி வந்திருக்கிறது. 2017-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வார்ன்மார்க் குழு, அறை வெப்பத்தில் ஒளிரும் ஒரு இரும்புச் சேர்மத்தைச் செய்தது. எலெக்ட்ரான் 100 பிக்கோ செகண்ட் தங்கியது. ருத்தீனியத்துக்கு அருகில்கூட இல்லை, ஆனால் இரும்புக்கு அது பெரிய தாவல். இன்னொரு கூட்டம், "எலெக்ட்ரான் மேலே தங்கவே வேண்டாம், பிடுங்கின கணத்தில் உடைந்தால் போதும்" என்று யோசித்தது. அது அப்படியே 1951-ன் யோசனை! ஃபெர்ரிக் குளோரைடின் மேல் ஊதா வெளிச்சம் அடித்தால் குளோரின் ராடிகல் வெளியே வரும். அது கரிமச் சேர்மத்தில் இருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். அந்த இடத்தில் புதுப் பிணைப்பைப் போடலாம். 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரோவிஸ் குழு செய்தது இந்த வழியில்தான். வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் பெரிய வித்தியாசம்: ஃபெரஸ் ஆன இரும்பு வினையின் பிற்பகுதியில் திரும்ப ஃபெர்ரிக் ஆகிறது. தீக்குச்சி லைட்டர் ஆகிவிட்டது.

இப்போது தெர்மாகோல். (2017-ல் வைகை அணையில் மிதக்க விட்ட அதே ஐட்டம்தான். சிரிச்சுட்டு வாங்க, வெயிட் பண்றேன்.)

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். மண்ணில் மக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டு, கப்புக்குத் தடை. டிவி, ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வருவது மட்டும் நின்றபாடில்லை. கடைசியில் அது குப்பை மேட்டில் எரிகிறது. 2022-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எரின் ஸ்டேச் குழு பாலிஸ்டைரீனைக் கரைத்து, அதில் ஃபெர்ரிக் குளோரைடைச் சேர்த்து, ஆக்சிஜன் கொடுத்து, வெள்ளை எல்ஈடி வெளிச்சத்தில் வைத்தது. அந்த நீளச் சங்கிலி துண்டு துண்டாக உடைந்து, பென்சாயிக் அமிலம் மாதிரியான சின்ன மூலக்கூறுகள் கிடைத்தன. பென்சாயிக் அமிலம் யார் தெரியுமா? ஜாம் பாட்டில் லேபிளில் 'பதப்படுத்தி' என்று போட்டிருப்பார்களே, சோடியம் பென்சோயேட், அதன் அப்பா.

1951-ல் இரும்பு உப்பும் வெளிச்சமும் சேர்ந்து பிளாஸ்டிக்கைக் கட்டின. 2022-ல் அதே ஜோடி பிளாஸ்டிக்கைப் பிரிக்கிறது. வெளிச்சம் அடித்தால் இரும்பு பிடுங்குகிறது, ராடிகல் ஓடுகிறது. அந்த முதல் அடி ரெண்டுக்கும் ஒன்றுதான். முன்னாடி அந்த ராடிகல் கட்டியது, இப்போது ஆக்சிஜனோடு கூட்டு சேர்ந்து உடைக்கிறது.

ஆய்வகத்தில் நடப்பது நாளைக்கே நாமக்கல் மாநகராட்சிக் குப்பைக் கிடங்குக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கரைப்பானுக்குச் செலவு இருக்கிறது, வந்த கலவையைப் பிரிக்க வேண்டும், நடுவில் ஆயிரம் சிக்கல் உண்டு. சொல்ல வருவது வேறு. இந்த வரலாற்றை யாராவது எழுதும்போது 2008-ல் ஆரம்பித்தால் அது பாதிக் கதை. ப்ளூ பிரிண்ட்டும் போலோன்யா மாடியும் வர வேண்டும். மான்செஸ்டரில் கற்று வந்து மெட்ராஸில் இருபது வருஷம் உலோக உப்புகளை வெளிச்சத்தில் அளந்தவர்களும் வர வேண்டும். அவர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதற்காக இல்லை, முதலில் அவர்கள் இல்லை. ஒரு உப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பொறுமையாக அளந்து எழுதி வைத்தார்கள் என்பதற்காக. பின்னாடி வருகிறவன் திறந்து பார்ப்பானா என்று தெரியாமலே எழுதி வைத்தார்கள்.

நமக்கு இதில் ரெண்டு வகை வியாதி இருக்கிறது. ஒரு கோஷ்டி, எல்லாமே நம்ம முன்னோர் ஓலைச்சுவடியில் எழுதிட்டாங்க என்கும். இன்னொரு கோஷ்டி, எது வந்தாலும் அமெரிக்காவில் இருந்துதான் வரும் என்கும். ரெண்டு கோஷ்டிக்கும் சேப்பாக்கம், கிண்டி பக்கம் நம்ம காலத்திலேயே வேலை பார்த்த ஆட்களின் பேர் தெரியாது. சாந்தப்பா, குரியகோஸ், நடராஜன் பற்றித் தமிழில் தேடினால் எவ்வளவு கிடைக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். அவர்களிடம் படித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு வாத்தியார், ஒரு மாமா, ஒரு பக்கத்து வீட்டுப் பெரியவர் இருந்தால், உட்கார வைத்துக் கேட்டு உங்கள் பதிவில் எழுதுங்கள். எந்த விளக்கு, எந்த ரூம், கரண்ட் போனால் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் ஆராய்ச்சி இதழில் இருக்காது.

டிஸ்கி 1: ஃபெர்ரிக் குளோரைடை வாங்கி வீட்டில் வைத்து விளையாடாதீர்கள். சிமெண்ட் தரையில் சிந்தினால் கறை போகாது, வீட்டம்மாகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.

டிஸ்கி 2: வெயிலும் இரும்பும் சேர்ந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தே ஆகணும் என்கிறவர்கள், ப்ளூ பிரிண்ட் காகிதம் ரெடிமேடாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு வேப்பிலையை மேலே வைத்து மொட்டை மாடியில் பத்து நிமிஷம் விட்டு, வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். எங்க ஊர் வெயிலுக்கு அஞ்சு நிமிஷமே ஜாஸ்தி.